வளர்ச்சி காணாது

வளர்ச்சி என்ற சொல்லை விற்றுப் பிழைத்தவன் நான். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் வரும். உயிருள்ள ஒன்றின் உலர்நிறையில் ஏற்படும் மீளாத அதிகரிப்பே வளர்ச்சி என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். உலர்நிறை என்றால் என்ன சேர் என்று யாராவது கேட்பார்கள். தண்ணீர் முழுவதையும் வற்றவைத்துவிட்டு நிறுப்பது என்பேன். அப்படியென்றால் கன்று செத்துப்போகுமே என்று இன்னொரு குரல் வரும். சரியாக அளக்க வேண்டுமென்றால் சாகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவேன். வகுப்புச் சிரிக்கும். எனக்கும் அந்தப் பகிடி பிடித்திருந்தது.

அந்தச் சொல் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பது என் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதுதான் தெரிந்தது.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. மருமகன் கனடாவில் வேலை செய்கிறார். கலியாணம் முடிந்து கொஞ்ச நாள் நின்றுவிட்டுப் போனவர், பிறகு ஒருமுறை லீவில் வந்து போனார். அந்த லீவோடு மகளுக்குப் பிள்ளை தங்கியது. விசா அலுவல் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பிறந்து கொஞ்சம் தேறியதும் தாயும் பிள்ளையும் போய்ச் சேர்வது என்பது ஏற்பாடு. அதுவரை மகள் கொக்குவிலில் எங்களோடு இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மெல்ல மெல்ல நடப்பாள். நான் பின்னாலேயே நடப்பேன். விழுந்துவிடுவாளோ என்று பயம். அப்பா, நீங்கள் பின்னாலை வந்தால்தான் நான் தடக்கி விழுவன் என்பாள்.

ஆறாம் மாதம் கடந்ததும் ஊர் கதைக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வரும் பெண்கள் முகத்தைப் பார்க்க முதல் வயிற்றைப் பார்த்தார்கள். வயிறு காணாது என்றார்கள். வேறு இடத்துத் தமிழருக்கு, காணாது என்றால் கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்கு அது போதாது. சோறு காணாது, உப்புக் காணாது, மழை காணாது என்போம். பொருள் கண்முன்னாலேயே இருக்கும், ஆனாலும் காணாது. மச்சாள் முறையான ஒருவர் ஆறுதல் சொல்வதாக நினைத்து, தாயும் வளர்த்தி இல்லாதவள், மகளும் வளர்த்தி இல்லாதவள், பிள்ளை மட்டும் எப்படிப் பெரிதாக இருக்கும் என்று கேட்டார். வளர்த்தி என்றால் உயரம். என் மனைவி உயரம் குறைந்தவள்தான். ஆனால் அதை அவளுடைய வீட்டில் வந்து, அவள் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டியதில்லை. அன்று முழுக்க அடுப்படியில் பாத்திரங்கள் சத்தம் போட்டன.

ஊர் சொன்னபோது எனக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. பிறகு கிளினிக்கில் மிட்வைஃப் நாடாவால் வயிற்றை அளந்துவிட்டு, இன்னொரு முறை அளந்தார். ஸ்கான் செய்ய அனுப்பினார்கள். ஸ்கான் பார்த்த டொக்டரும் அதே சொல்லைச் சொன்னார். வளர்ச்சி காணாது. மாதக் கணக்குக்கு ஏற்ற அளவில் பிள்ளை இல்லை என்றார். தொப்புள்கொடி வழியாகப் போகும் இரத்தம் குறைவு, கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் பார்க்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பாடு. முட்டை, பால், முருங்கை இலை, விளைமீன், ஆட்டெலும்புச் சூப். காலையில் சந்தைக்குப் போய் நானே வாங்கிவந்து, மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு முன்னால் இருப்பேன். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்கிற மாதிரி என்று மனைவி திட்டுவாள். ஒரு நாள் மகள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, நான் தின்னுறதெல்லாம் எனக்குத்தான் போகுது. பிள்ளைக்குப் போகேல்லை.”

அவளுடைய கன்னம் உப்பியிருந்தது உண்மை. அன்றைக்குப் பிறகு சூப் வைக்கச் சொல்லி நான் ஒருவரையும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்து, விடுதியில் படுக்க வைத்துவிட்டார்கள். சலம் என்று நாங்கள் சொல்லும் சிறுநீர், இரத்தம் எல்லாம் சோதனைக்கு எடுத்தார்கள். தாய்மார் விடுதிக்குள் ஆண்கள் நிற்க முடியாது. மனைவி உள்ளே நின்றாள். நான் வெளியே. காலையில் சுடுதண்ணிப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் கொண்டு போவேன், மத்தியானம் வேறொரு பெட்டி, பின்னேரம் இன்னொன்று. இடையில் இருக்கும் நேரத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மரத்தடியில் ஆட்கள் இருப்பதற்கு ஒரு வாங்கு போட்டிருந்தது. அதில் இருந்து பார்த்தேன். இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணிக் கடைக்குப் போனேன், தேத்தண்ணியைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பினேன், அங்கிருந்து வீதிக்கு, வீதியிலிருந்து வாசலுக்கு. நீங்கள் நடக்க எனக்குத் தலை சுத்துது ஐயா என்றார் வாசலில் நின்ற காவலாளி. போனில் தேடித் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் பயம் கூடியது. வாசித்ததை மனைவிக்குப் போனில் சொன்னேன், அவள் பயமும் கூடியது. கடைசியில் அவள் வெளியே வந்து ஒரு முடிவு சொன்னாள்.

“சும்மா நிண்டு மனிசரைக் குழப்பாமல் கீரிமலைக்குப் போய் முழுகிப்போட்டு, கோயில்லை ஒரு அருச்சனை செய்துகொண்டு வாங்கோ.”

நான் அருச்சனைக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் போவதற்கு ஓர் இடம் கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

கேணியில் அதிகம் சனம் இல்லை. காற்சட்டையை மாற்றிச் சாரம் கட்டி, சேட்டைக் கழற்றி, போனை அதற்குள் சுற்றிச் சுவரில் வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் எப்போதும்போலக் குளிர்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு முழுக்குப் போட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஈரவிரலுக்குப் போன் மசியவில்லை. எத்தனை தரம் தேய்த்தும் பச்சை வட்டம் நகரவில்லை. சேட்டில் விரலைத் துடைத்து முடிக்க அடிப்பது நின்றுவிட்டது. நான் எடுத்தால் அந்தப் பக்கம் பிசி. பிறகு அதுவே திரும்ப அடித்தது. காற்று இரைந்தது. மனைவியின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

“இஞ்சருங்கோ, நேர்ஸ் மிஸ்ஸி இப்பத்தான் வந்து சொன்னவ. வளர்ச்சி இல்லையாம்.”

அதற்குப் பிறகு ஏதோ சொன்னாள். காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தேன். போன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் மும்மொழியிலும் சொன்னது. தன் போனில் சார்ஜ் நிற்பதில்லை என்று மனைவி மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாங்கித் தருகிறேன் என்று நானும் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காணாது என்று சொன்னால் ஏதோ கொஞ்சமாவது இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சேர்த்துவிடலாம். இல்லை என்றால் என்ன செய்வது? நான் கேணிக்கட்டில் சொட்டச் சொட்ட நின்றேன். கோயில் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. சாரத்துக்கு மேலேயே காற்சட்டையை இழுக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டு, ஈரச்சாரத்தோடு சேட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

அந்த வீதியில் நான் எத்தனையோ ஆயிரம் தரம் போய்வந்திருக்கிறேன். வீதியோரப் பலகைகளை அன்றைக்குத்தான் வாசித்தேன். உங்கள் வளர்ச்சியே எங்கள் மகிழ்ச்சி என்றது ஒரு வங்கி. கூந்தல் வளர்ச்சிக்கு ஓர் எண்ணெய். மூளை வளர்ச்சிக்கு ஒரு மாவு, அதில் கண்ணாடி போட்ட ஒரு கொழுத்த பிள்ளை. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வளர்ச்சி ஊக்கி. தேர்தலில் நின்ற ஒருவர் மதிலில் கைகூப்பிக்கொண்டு கிராமத்தின் வளர்ச்சிக்காகத் தன்னைத் தந்திருந்தார். போன தேர்தலில் தோற்றவர். புதிதாக எழும்பிய மூன்று மாடிப் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றைத் தாண்டினேன். அதன் திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் அபார வளர்ச்சி என்று பேசினார்கள். கீழ்மாடியை நிரப்பவே பிள்ளைகள் இல்லை. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வளர்ச்சியைப் பலகை பலகையாக எழுதி வைத்திருக்கிறார்கள், என் மகளின் வயிற்றுக்கு ஒரு துளி இல்லையா? யாரைக் கேட்கிறேன் என்றே தெரியாமல் வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

சுன்னாகத்தில் சந்தைக்கு முன்னால் ஒரு லொறி குறுக்கே நின்று வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. போக வழி இல்லை. அந்த நேரம் பார்த்து மருமகன் எடுத்தார். அவர் இருக்கும் இடத்தில் நித்திரை கொள்கிற நேரம். மாமியின் போன் வேலை செய்யவில்லை மாமா, உள்ளே ஏதும் சொன்னார்களா என்று கேட்டார். குரலில் நித்திரை இல்லை. நான் ஹோர்ன் சத்தங்களுக்கு நடுவில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவோ தூரத்தில் ஒற்றை அறையில் இருக்கிற ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது?

“வளர்ச்சி காணாதாம், தம்பி. பாப்பம் எண்டு சொல்லியிருக்கினம்.”

அது முந்தியும் சொன்னதுதானே மாமா என்றார். அப்படியென்றால் புதிதாக ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. சரி மாமா, நான் கொஞ்சம் படுக்கிறேன் என்று வைத்தார். அன்று நான் செய்த காரியங்களில் அதுதான் ஆகக் கடினமானது. லொறி விலகியதும் பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

கொக்குவிலில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையைக் கடந்தேன். வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றலாம் என்று தோன்றவே இல்லை. உள்ளே என்ன நடந்திருக்கும் என்று மனம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தது. மகளுக்குத் தெரியுமா? யார் சொன்னார்கள்? அழுகிறாளா, அல்லது சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாளா? சின்ன வயதில் கோபம் வந்தால் அவள் அப்படித்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள்.

காவலாளி என் கோலத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார். விடுதி வாசலில் மனைவி வாங்கில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் முன்னால் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என்ன கோலம் இது, முழுகினால் துடைக்கிறது இல்லையா, அருச்சனை செய்தீர்களா என்று அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வளர்ச்சி இல்லையென்று சொல்லிவிட்டுத் தோடம்பழம் உரிக்கிறாயா என்று கத்திவிட்டேன். விடுதிக்குள்ளிருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

“ஓம், இல்லைத்தான். சலத்திலை கிருமி வளர்ச்சி இல்லையாம். காய்ச்சலுக்கு எடுத்த சோதினை. நல்ல விசயம் எண்டுதானே உடனை உங்களுக்கு எடுத்தனான்.”

நான் வாங்கில் இருந்தேன். இருக்க முடிந்தது. ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டுகளில் பாணும் உருளைக்கிழங்கும் வைத்துப் பூஞ்சணம் வளர்த்துக் காட்டியவன் நான். வளர்ச்சி இல்லை என்றால் தட்டுச் சுத்தம் என்று வருடாவருடம் சொல்லிக் கொடுத்தவன். அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பாவனை உண்டென்று எனக்கு எப்படி மறந்துபோனது? சிரிப்பு வந்தது. மனைவி முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு நான் என்ன நினைத்துக்கொண்டு கீரிமலையிலிருந்து வந்திருக்கிறேன் என்று அவளுக்கு விளங்கியது. கையில் பழத்தோலோடு அப்படியே இருந்தாள். அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றவள், என் ஈரச்சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த நிம்மதி அடுத்த நாள் மத்தியானம்வரைதான். திரும்பவும் ஸ்கான் எடுத்தார்கள். டொக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். எங்கள் மகளைவிடச் சில வயது கூடிய பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். போன ஸ்கானுக்கும் இந்த ஸ்கானுக்கும் இடையில் பிள்ளை வளரவே இல்லை. இனி விட்டுவைத்தால் இதய அடிப்பு நின்றுபோகலாம்.

“உள்ளுக்கை வளர வழியில்லாட்டி, வெளியிலை எடுத்து வளப்பம் ஐயா.”

அவருக்கு அது தினமும் சொல்கிற வார்த்தையாக இருக்கும். அதை நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூட ஒபிஸ் வாசலில் தகப்பன்மார் நின்று சொல்வார்கள், இங்கே வைத்திருந்தால் பிள்ளை வளரமாட்டான் சேர், வெளியிலே அனுப்பப் போகிறேன் என்று. ஓம், அதுதான் நல்லது என்று நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் போய் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். சிலர் லீவில் வரும்போது என்னைவிட உயரமான பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். பிள்ளை தப்பிப் பிழைக்குமோ டொக்டர் என்று கேட்டேன். வெளியே வந்தால் எங்கள் கையில் இருக்கும், ஏதாவது செய்யலாம், உள்ளே இருந்தால் எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். மகள் தானே சம்மதம் சொன்னாள். என் கையைப் பிடித்திருந்தவள், தள்ளுகட்டிலை நகர்த்தியபோது விட்டுவிட்டாள்.

பெண்பிள்ளை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். ஒரு பெரிய முட்டைக்கோவாவின் பாரம்கூட இருக்காது. கால்களில் தோல் தொளதொளவென்று, பெரிய ஆளின் சட்டையைப் போட்டதுபோல இருந்தது. முதல் சில நாட்கள் நிறை இன்னும் இறங்கியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் இறங்கித்தான் ஏறும் என்று நான் எல்லோருக்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டு திரிந்தேன், எனக்கு மட்டும் அந்த விளக்கம் பிடிபடவில்லை. தாய்ப்பாலைக் குழாயால் விட்டார்கள். பிறகு மகளின் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்தார்கள். மகள் மூச்சு விட்டால் பிள்ளையும் ஏறி இறங்கும். மருமகன் போனில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் காலை மிஸ்ஸி வாசலுக்கு வந்து, நிறை கூடத் தொடங்கிவிட்டது என்று சொன்னார். நான் தேத்தண்ணிக் கடையில் ஒரு தேத்தண்ணியை முழுதாகக் குடித்தேன்.

பிறகு வீடு. பிறகு மாதங்கள். பிள்ளை சிரித்தாள், குப்புறப் புரண்டாள், என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். நன்றாக வளர்கிறாள் என்று யாராவது சொன்னால் மனைவிக்குப் பிடிக்காது. நாவூறு பட்டுவிடும் என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவாள். விசாவும் கிடைத்துவிட்டது. பிள்ளையின் நிறையை ஒருமுறை பார்த்து, போகலாம் என்று சொன்ன பிறகு டிக்கெட் போடுவது என்று மருமகன் காத்திருந்தார்.

போன கிழமை கிளினிக்குக்குப் போனோம். நானும் மகளும் பிள்ளையும். மிட்வைஃப் பிள்ளையைத் துணிப்பையில் வைத்துத் தராசில் தொங்கவிட்டார். முள் ஆடிக்கொண்டிருந்தது. மகள் விரலை வாயில் வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆடி நின்றதும் மிட்வைஃப் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நல்ல வளர்ச்சி, இனி ஒரு பயமும் இல்லை, பிளேனில் தாராளமாகக் கொண்டு போகலாம். மகள் அந்த இடத்திலேயே கணவருக்குப் போன் எடுத்தாள். சந்தோசத்தில் அவளுக்குப் பேச்சுத் தடக்கியது. அவள் அப்படிச் சிரித்து நான் எவ்வளவோ நாள் காணவில்லை. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் இந்தப் பிள்ளை கொஞ்சம் மெதுவாக வளர்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நாட்களில் நான் எதைக் கேட்டு மன்றாடினேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நினைப்புப் போகவில்லை.

வெயில் ஏறியிருந்தது. மகள் குடை பிடித்துக்கொண்டு வர, பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடந்தேன். பிள்ளை என் தோளில் நித்திரையாகிவிட்டாள். நித்திரையான பிள்ளைக்குப் பாரம் இன்னும் கூட. பாதி தூரத்தில் மகள் என் முகத்தைப் பார்த்தாள். அப்பா, பாரமாய் இருக்கும், தாங்கோ நான் தூக்கிறன் என்றாள். பாரமில்லை என்றேன். கை இரண்டும் உளைந்தன. வீடு வரும்வரை கொடுக்கவில்லை.